வேம்பா, நாவலா, மருதா? மயூர் விஹார் மூலைக்கு ஒரு மருந்து மரம்

தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் வடகிழக்கு மூலை காலியாகக் கிடக்கிறது. அங்கே நின்ற சுபாபுல் மரம் மே மாத ஆந்தியில் (புழுதிப்புயலில்) வேரோடு சாய்ந்தது; போகிற போக்கில் பார்க் சுவரில் ஒரு துண்டையும் இடித்துவிட்டது. மரத்தை அறுத்து அள்ளிக்கொண்டு போனதும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், அந்த இடத்தில் எதை வைப்பது என்ற பேச்சு வந்தது. "வைக்கிறதே வைக்கிறோம், நாலு பேருக்கு மருந்தா ஆகிற மரமா வைப்போம்" என்று யாரோ சொல்ல, தமிழ்க் குடும்பங்கள் மட்டும் உடனே மூன்று கட்சியாகப் பிரிந்தன. வேம்பு, நாவல், மருது.

மூன்றுமே தில்லி மண்ணுக்குப் பழகியவை. புதுதில்லியை அமைத்தபோது சாலையோரங்களுக்குத் தேர்ந்தெடுத்த மரங்களில் இவை மூன்றும் உண்டு. லோதி ரோடில் வேம்பு, ஜன்பத்தில் மருது, இன்று கர்த்தவ்ய பத் ஆகிவிட்ட ராஜ்பத்தில் நாவல். எதை வைத்தாலும் வளரும் என்பதால் சண்டைக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

முதலில் கோயிலை இழுத்தார்கள். "திருவிடைமருதூர்ல ஸ்தலவிருட்சமே மருதுதான் சார்" என்றார் கும்பகோணத்துக்காரர் ஒருவர். "அப்போ திருவானைக்காவல்ல வெண்ணாவல் இருக்கே, அதை எங்கே கொண்டு வைக்கறது?" என்றார் மூன்றாவது மாடி மாமி. வேம்புக்கு மாரியம்மனே இருக்கிறாள், தனியாக ஆள் வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் ஓட்டு சமம். மருந்துக் கணக்கைப் பார்த்துச் சொல்லும் வேலை, தோட்டப் பொறுப்பில் இருக்கும் என் தலையில் விழுந்தது.

மருந்து மரம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். மருந்தாவது மரத்தின் ஏதோ ஒரு பாகம்தான். வேம்பில் முக்கியமாக இலை, பூ, எண்ணெய். நாவலில் பழம், கொட்டை. மருதில் பட்டை. பூ அடுத்த சித்திரைக்கும் பூக்கும், பழம் தானாக விழும், பட்டையை எடுத்தால் மரத்துக்குக் காயம். பல குடும்பங்கள் புழங்குகிற இடத்தில் யார் எதைப் பறிப்பார்கள், எவ்வளவு சாப்பிடுவார்கள், யார் கேட்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல் மூலிகைப் பட்டியலை மட்டும் வாசித்து முடிவெடுக்க முடியாது.

வேம்புக்கு ஆதரவு அதிகம், ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். தில்லியில் வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் தளிர்விட்டு, ஏப்ரலில் பூக்கும். வருஷப்பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி வைக்கிற வீட்டுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன? காலையில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால் பத்து மணிக்குள் ஒரு கிண்ணம் பூ விழுந்திருக்கும். நிழலில் உலர்த்தி, நெய்யில் கறுக விடாமல் வறுத்து ரசத்தில் போட்டால் வாய்க்கசப்புக்கும் பசி மந்தத்துக்கும் நல்லது என்று தலைமுறையாகச் செய்து வருகிறோம். சமையலில் போடுகிற அளவுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அம்மை வந்தால் வேப்பிலை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் விழுப்புரத்து அக்கா, பிள்ளைக்குச் சின்னம்மை போட்டபோது கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டு போய்ப் படுக்கையில் பரப்பினார். நகத்தால் சொறிவதற்குப் பதில் இலைக்கொத்தால் வருடினால் அரிப்பு அடங்கும், கொப்புளம் உடைந்து சீழ் பிடிப்பதும் குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. அம்மை வைரஸ் தன் போக்கில் வந்து தன் போக்கில்தான் போகும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் இறங்காவிட்டாலோ, வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ டாக்டரிடம் போவதுதான் சரி. சொறி சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதில் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 1992இல் வெளியான ஓர் ஆய்வில் சிரங்கு வந்த 814 பேருக்கு அந்த விழுதைப் பூசியதில் 97 சதவீதம் பேருக்குக் குணமானது. ஆனால் பூசாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத முதற்கட்ட ஆய்வு அது.

வேம்பின் வேதியியலுக்கும் தில்லிக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழர் நிறைந்திருந்த கரோல் பாகில் திப்பியா என்ற யுனானி, ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி உண்டு. 1921இல் காந்தி திறந்துவைத்தது. யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் அழைத்ததன் பேரில் அங்கே ஆய்வுக்கூடம் தொடங்கியவர் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திகி. சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரிலிருந்து இவர் பிரித்த ஒரு பொருளுக்கு ஹக்கீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு அது மருந்தாயிற்று. அதே மனிதர்தான் பிறகு 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருள்களைப் பிரித்துக் காட்டினார். சர்ப்பகந்தாவுக்குக் கிடைத்த மாதிரி ஒரு மாத்திரை இன்றுவரை வேம்புக்குக் கிடைக்கவில்லை. வேம்பில் மிக உறுதியாக நிரூபணமானது பூச்சிக்கொல்லிக் குணம். வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளைத் தின்னவும் விடாது, வளரவும் விடாது. ஐரோப்பாவில் வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்குக் காப்புரிமை கொடுத்து, வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வாதாடியதில் 2000இல் அது ரத்தாகி, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அந்த வழக்கு முழுக்கச் செடிக்கு அடிக்கும் மருந்தைப் பற்றியது.

வேம்பில் பயப்பட வேண்டியது எண்ணெய்க்கு. கைக்குழந்தைக்குச் சளி என்றால் ஒரு பாலாடை வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் நம் பக்கத்தில் இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. மலேசியாவில் இப்படிக் கொடுத்த இந்தியக் குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். தோலில் தடவுவதோடு நிற்க வேண்டிய எண்ணெய் அது. குழந்தைக்கு நிற்கும் தம்பதியரும் கர்ப்பிணிகளும் வேப்பிலைச் சாற்றைக்கூடத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்று, வேப்பமரம் வைத்தால் கொசு வராது என்று கூட்டத்தில் இருவர் சொன்னார்கள். லோதி ரோடு பக்கம் செப்டம்பர் மாலையில் நின்று பார்த்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். டெங்கு சீசனில் குடிக்கிற நிலவேம்புக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அது ஒரு சின்னச் செடி.

நாவலுக்கு வருவோம். ஜூன் கடைசியில் தில்லியில் முதல் மழை விழுகிறபோது நாவல்பழ வண்டிகள் கிளம்பிவிடும். தொன்னையில் அள்ளிப் போட்டு, காலா நமக் (கறுப்பு உப்பு) தூவி, ஒரு குலுக்குக் குலுக்கிக் கொடுப்பான். தின்றால் நாக்கு ஊதா, தொண்டையில் ஒரு பிடிப்பு. அந்த ஊதா நிறத்தைத் தருகிற ஆந்தோசயனினும், தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்பான டானினும்தான் பழத்தின் சிறப்பு. நம் பாட்டிகள் வயிற்றுப்போக்குக்கு நாவல் பட்டைக் கஷாயம் வைத்ததும் அந்தத் துவர்ப்பை நம்பித்தான். வடக்கில் இதே பழத்தைப் புளிக்கவைத்து ஜாமூன் சிர்கா (நாவல் வினிகர்) என்று வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலந்து குடிப்பது பக்கத்து வீட்டு பஞ்சாபி மாதாஜியின் நித்திய கடமை.

ஆனால் நாவலுக்குக் கட்சி சேர்ந்தது பழத்துக்காக அல்ல, சர்க்கரைக்காக. எங்கள் சொசைட்டியில் காலை நடைக்கு வருகிறவர்களில் மாத்திரை போடாதவரைத் தேட வேண்டும். பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் நாவல்கொட்டைப் பொடி கிலோக் கணக்கில் போகிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் நீரிழிவுக்கு நாவல்கொட்டை நெடுங்காலமாக உண்டு. எலி, முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளிலும் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மனிதர்களிடம் வரும்போதுதான் இழுபறி. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரைச் சர்க்கரைக்குக் குடிக்கும் பழக்கம் உண்டு. அங்கே நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது எதுவென்று தெரியாமல் கொடுத்துப் பார்த்த சோதனை 2004இல் வெளியானது. கிளைபுரைடு என்ற நீரிழிவு மாத்திரை சர்க்கரையை இறக்கியது. இலைத் தேநீரால் ஒரு பயனும் இல்லை. அது இலை, நாம் சாப்பிடுவது கொட்டை என்று வாதாடலாம், வாதத்தில் நியாயமும் உண்டு. அந்த வாதத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நிறுத்தாமல் மாத்திரையோடு பொடியையும் சேர்த்து விழுங்கினால், பொடி வேலை செய்கிற பட்சத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகவும் இடமுண்டு. ஆகவே பொடி சாப்பிடுகிறவர் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

பழத்தைப் பற்றி அப்படி ஒரு சர்ச்சையும் இல்லை. சர்க்கரைக்காரர் மாம்பழத்தைப் பார்த்து ஏங்குகிற பருவம் முடியும்போது வரும் பழம் இது. ஒரு கைப்பிடி தின்றால் பெரிதாக ஏறாது. துவர்ப்பு காரணமாக அதற்குமேல் தின்னவும் முடியாது. அளவை நாக்கே சொல்லிவிடும்.

மருதின் கதை வேறு. இதயத்துக்கு மருதம்பட்டை என்பது பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் காலத்திலிருந்து வருகிற வைத்தியம். பட்டையைப் பாலும் தண்ணீருமாகக் காய்ச்சி, பால் மட்டும் மிஞ்சும்வரை வற்றவைத்துக் குடிப்பது. மூன்றில் மனிதர்கள்மீது ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது இதுதான் என்பேன். 1995இல் இந்தூர் மருத்துவர்கள், மற்ற மருந்துகளுக்குக் கேட்காத கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்குப் பட்டைச் சாற்றைக் கொடுத்து முன்னேற்றம் கண்டதாக எழுதினார்கள். நம்பிக்கை கிளம்பியது. பிறகு நம்மூர் எய்ம்ஸிலேயே சுமார் 100 நோயாளிகளிடம், வழக்கமான மருந்தோடு பட்டைச் சாறு ஒரு பாதிக்கு, போலி மருந்து மறு பாதிக்கு என்று 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு: இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு கூடவில்லை. சிலருக்கு நடக்கிற தெம்பும் அன்றாடச் சௌகரியமும் ஓரளவு மேம்பட்டன. அப்படியானால் மருது வெறும் கட்டுக்கதை இல்லை, ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரைக்குப் பதிலாக நம்பக்கூடியதும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரும் ரத்த அழுத்த மாத்திரைக்காரரும் கேட்காமல் தொடக்கூடாது.

இதயத்தை விடுங்கள், மரத்தின் கதியைப் பாருங்கள். மருதின் அடிமரம் வழவழவென்று சாம்பலும் இளஞ்சிவப்புமாக, செதில் செதிலாக உரிந்துகொண்டு நிற்கும். பார்க்கவே அழகு. தில்லிப் பூங்காக்களில் நடைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள், பல மருதமரங்களில் ஆள் கை எட்டும் உயரம் வரை மட்டும் கத்தி பட்ட தழும்பு இருக்கும். அதற்கு மேலே தோல் முழுசாக இருக்கும். தானாக உதிர்கிற மேல்செதிலை எடுத்தால் பாதகமில்லை. ஆனால் ஆழமாக வெட்டுகிறவர்கள் இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்குகிற உள்பட்டையையும் சேர்த்து எடுக்கிறார்கள். சுற்றிலும் எடுத்துவிட்டால் மரம் அந்த இடத்தோடு முடிந்தது. "இது மருதமரம், ஹார்ட்டுக்கு நல்லது" என்று ஒரு பலகை மாட்டினால் போதும், பத்து வருஷத்தில் நம் மரமும் அப்படித்தான் நிற்கும். பட்டை வேண்டுமென்கிறவருக்குக் காரி பாவ்லியில் 'அர்ஜுன் கீ சால்' (மருதம்பட்டைக்கு இந்திப் பெயர்) மலிவு. பொடியாக வாங்காமல் முழுப்பட்டையாக வாங்குங்கள், வளைந்த துண்டு, உள்பக்கம் செம்மண் நிறம். பொடியில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மருதமரத்தை மருந்துக்காகச் சொசைட்டிக்குள் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. எண்பது அடிக்கு வளர்ந்து குடை விரிக்கிற மரம் அது. ஆற்றோரமும் அகலமான சாலையும் அதற்குச் சொந்த இடம். டசர் பட்டுப்புழு தின்கிற மரங்களில் அதுவும் ஒன்று என்பது போனஸ் செய்தி. நம் கமிட்டிக்கு அதனால் லாபமில்லை.

நாலாவதாக முருங்கை பேரும் எழுந்தது. கீரைக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளை முறுக்கு மாதிரி நொறுங்கும். ஆந்தி அடிக்கிற ஊரில், பிள்ளைகள் விளையாடுகிற பார்க் ஓரத்தில் வேண்டாம். மாடித் தொட்டியில் கவாத்து பண்ணிப் பண்ணி வளர்க்கிறவர்கள் வளர்க்கட்டும்.

இனி இடம். மருந்துப் பேச்சில் எல்லோரும் மறந்தது இதைத்தான். அந்த வடகிழக்கு மூலை சொசைட்டியிலேயே தாழ்வான பகுதி. யமுனைக்கரை மண், தோண்டினால் சீக்கிரம் ஈரம் தட்டும். ஆகஸ்டில் மழைத்தண்ணீர் அங்கே நாள் கணக்கில் தேங்கி நிற்கும். வேம்பு வறட்சியைத் தாங்குகிற மரம், பாறையிலும் பிழைக்கும், ஆனால் காலடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். நாவலுக்கும் மருதுக்கும் தேங்கிய தண்ணீர் ஒரு பொருட்டில்லை. மேலும், மெயின் கேட்டுக்குப் பக்கத்தில் பழைய வேம்பு ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. வருஷப்பிறப்புப் பச்சடிக்கும் அம்மைக்கும் அந்த ஒன்றே எங்கள் எல்லோருக்கும் தாராளம். ரோட்டுத் தூசு படிகிற பக்கத்தை விட்டு உள்பக்கக் கிளையில் பறித்து, நன்றாக அலசிக்கொண்டால் சரி.

அதனால் என் ஓட்டு நாவலுக்கு. சர்க்கரை வியாதிக்கு வைக்கிற மரம் என்று யாரும் பலகை எழுதக்கூடாது என்பது என் ஒரே நிபந்தனை. நம் ஆட்கள் மரத்தடியில் தாமாகப் பொறுக்கித் தின்றாலும் யாருக்கும் கெடுதல் வராது என்று மூன்றில் நாவலுக்கு மட்டும்தான் என்னால் உத்தரவாதம் தர முடியும். ராஜ்பத் ஓரத்து நாவலும் இருக்கிறதே என்றார் ஒருவர். அந்த மரங்களின் பழத்தை நகராட்சி ஏலம் விட்டுவிடும்; ஏலம் எடுத்தவன் ஆள் வைத்துக் காவல் காப்பான். சொந்த மரம் என்றால் அவ்வைப் பாட்டி மாதிரி ஊதி ஊதித் தின்னலாம்.

எதிர்ப்பு என்ன வரும் என்றும் தெரியும். பழம் விழுந்தால் கார் பானெட்டில் ஊதாக் கறை, தரையில் வழுக்கல். அந்த மூலையில் பார்க்கிங் கிடையாது. ஒரு பக்கம் பார்க் சுவர், மறுபக்கம் வடிகால். ஆனாலும் நடைபாதைக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி தள்ளி வைக்க வேண்டும். ஜூலையில் தினமும் காலையில் மாலி (தோட்டக்காரர்) ஒரு தடவை பெருக்க வேண்டும், அதற்கு அவருக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஈ மொய்க்குது என்று மூன்றாம் வருஷம் யாராவது வெட்டச் சொன்னால் நடக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1994ஆம் ஆண்டு தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் மரத்தை வெட்ட முடியாது.

கன்று வாங்கும்போது கவனம். பழம் தின்றுவிட்டுக் கொட்டையை ஊன்றினாலும் முளைக்கும், ஆனால் ஈரம் காய்வதற்குள் ஊன்ற வேண்டும். நாவல்கொட்டையை அலமாரியில் எடுத்துவைத்தால் உயிர் போய்விடும். கொட்டையிலிருந்து வருகிற மரம் காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும், பழம் எப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. எங்கள் கமிட்டிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நர்சரியில் 'ராய் ஜாமூன்' ஒட்டுக்கன்று கேளுங்கள். நீளமான, சதைப்பற்றுள்ள பழம், கொட்டை சிறிது. 'ஜமோவா' என்று கொடுத்தால் வேண்டாம், சின்னப் பழம், கொட்டைதான் அதிகம். குழி மூன்றடிக்கு மூன்றடி, மட்கிய சாணத்தோடு பழைய மண்ணையே திருப்பிப் போட்டால் போதும். சுற்றிலும் சிமென்ட் பூசக்கூடாது; மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே தில்லிக்கு உத்தரவிட்டிருக்கிறது. நடுவதற்கு ஜூலை நடுவாக்கில் நல்லது. முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இரு தடவை ஆழமாகத் தண்ணீர், முதல் இரண்டு பனிக்காலத்துக்கு இரவில் சாக்கு மூடாக்கு. ஜனவரியில் நாலு டிகிரிக்கு இறங்குகிற ராத்திரியில் சாக்குப் போட மாலி வரமாட்டார். மூன்றாவது மாடி மாமி ஒத்துக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தவிர.